சாய்ந்த டவரும் சிரிப்பு ஸ்மைலிகளும்

மின்கோபுரம் ஒண்ணு இடுப்பு ஒடிஞ்சு ரோட்டுல படுத்துக் கிடக்கிற படம் டைம்லைன்ல வந்தா, கீழே என்ன கமென்ட் வரும்னு உங்களுக்கே தெரியும். "டூட்டி முடிஞ்சு படுத்துட்டாப்ல." "யாராவது சோடா தெளிங்கப்பா." "டாக்டர், இவருக்கு கால்சியம் கம்மியா?" இந்தக் கடைசி ரகம் என்னை டேக் பண்ணியே வரும். நானும் சிரிச்சிருக்கேன். "கால்சியம் இல்ல தம்பி, போல்ட் கம்மி"ன்னு பதிலும் போட்டிருக்கேன்.

இந்த த்ரெட் அந்த ஜோக்குகளைப் பத்தித்தான். ஜோக் அடிக்காதீங்கன்னு வகுப்பெடுக்கப் போறதில்ல, பயப்படாதீங்க. அரசு ஆஸ்பத்திரி நைட் டூட்டில ஜோக் இல்லாம எவனும் ஒரு வாரம் தாண்ட மாட்டான். என் பிரச்சனை வேற. "பாருங்க, கரன்ட் இல்லாமலும் மக்கள் எவ்ளோ ஜாலியா இருக்காங்க!"ன்னு அந்தச் சிரிப்பை வெளியில இருந்து பார்க்கிறவங்க படிக்கிற விதம் இருக்கு பாருங்க, அதுதான் எனக்கு ஒத்துக்கல. கொஞ்சம் நீளம். டீ எடுத்துட்டு வாங்க.

மின்வெட்டு ஜோக்குல நாமதான் உலக சாம்பியன்னு ரொம்ப நாள் நினைச்சிட்டு இருந்தேன். அப்புறம்தான் தென்னாப்பிரிக்கா பக்கம் எட்டிப் பார்த்தேன். அவங்க சீனியர்ஸ். அங்க மின் வாரியத்துக்குப் பேரு எஸ்காம். மின்வெட்டுக்கு "லோட் ஷெட்டிங்"னு பேர் வச்சு, ஸ்டேஜ் 1, ஸ்டேஜ் 2ன்னு கேன்சர் மாதிரி ஸ்டேஜ் பிரிச்சிருக்காங்க. உங்க ஏரியாவுல எப்போ கரன்ட் போகும்னு சொல்றதுக்கு ஒரு ஆப் இருக்கு, பேரு "எஸ்காம் சே புஷ்". ஆஃப்ரிகான்ஸ் மொழியில அம்மாவை இழுத்துத் திட்டுற ஒரு கெட்ட வார்த்தையை வச்சுப் பண்ணின சிலேடை அது. அமைச்சர்ல இருந்து ஆயா வரைக்கும் அந்தப் பேரைச் சொல்லித்தான் கரன்ட் எப்போ வரும்னு பார்க்கணும். நம்ம ஊர்ல இப்படி ஒரு பேர்ல ஆப் விட்டா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. (யோசிச்சா போதும், கமென்ட்ல எழுதாதீங்க. வீட்ல அம்மா இந்த ஐடியை ஃபாலோ பண்றாங்க.)

2023 பிப்ரவரி 9 அன்னிக்கு, கரன்ட் பிரச்சனைக்காக அந்த நாட்டு அரசு தேசியப் பேரிடர் நிலை அறிவிச்சது. ஏப்ரல் 5 அன்னிக்கு அதை வாபஸ் வாங்கிட்டாங்க. நாலே நாள். ஏப்ரல் 9, ஈஸ்டர் ஞாயிறு சாயங்காலம், பிரிட்டோரியாவுக்குக் கிழக்கே என்4 நெடுஞ்சாலை மேல வரிசையா ஏழு டவர் சாய்ஞ்சது. ஒண்ணு இல்ல, ஏழு. ஹைவே மூடியாச்சு, மாமெலோடி உட்பட நகரத்தோட கிழக்குப் பகுதி இருட்டு. பேரிடர் முடிஞ்சதுன்னு அறிவிச்ச நாலாவது நாள் டவர் ரோட்டுல படுத்தா எந்த ஊர்க்காரன்தான் சும்மா இருப்பான்? இதுக்கு ஜோக் எழுதவே வேண்டாம், தேதியை வரிசையா படிச்சாலே போதும்.

நகர நிர்வாகம் சொன்ன காரணம்: டவரோட இரும்புச் சட்டங்களைத் திருடிட்டாங்க.

இங்கதான் சிரிப்புக்கு அடியில இருக்கிற விஷயம் வருது. டவர் பார்க்க பூதம் மாதிரி இருந்தாலும், அது எல்-ஆங்கிள் துண்டுகளை போல்ட் போட்டுக் கோர்த்த ஒரு எலும்புக்கூடு. நாலு கால் எடையைத் தாங்கும். குறுக்கே போற சின்னச் சின்ன ஆங்கிள்கள் அந்தக் கால்கள் வளையாம பிடிச்சுக்கும். கைக்கெட்டுற உயரத்துல இருக்கிற குறுக்குச் சட்டம்தான் திருடுறவனுக்கு வசதி. நாலு கழட்டினா டவர் நிக்கும். இன்னும் நாலு கழட்டினாலும் நிக்கும். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் வாங்கித் தின்னு முடிச்சிருப்பாங்க, டவர் நின்னுட்டேதான் இருக்கும். ஒருநாள் கொஞ்சம் காத்து அடிக்கும்.

எலும்புத் தேய்மானமும் இதே கதைதான். வயசான அம்மா பாத்ரூம்ல லேசா வழுக்கி உட்கார்ந்தாங்க, இடுப்பு எலும்பு உடைஞ்சிடுச்சுன்னு கூட்டிட்டு வருவாங்க. "லேசாத்தான் சார் விழுந்தாங்க"ன்னு மகன் ஆச்சரியப்படுவார். உள்ள இருக்கிற குறுக்குச் சட்டமெல்லாம் பத்து வருஷமா ஒவ்வொண்ணா காணாமப் போயிட்டு இருந்தது, அதைத்தான் யாரும் பார்க்கல. அந்த வகையில கால்சியம் கேட்ட தம்பி அவ்வளவு தப்பா கேட்கல.

சரி, ஒண்ணு விழுந்தா ஏன் ஏழு விழணும்? டவருக்கு ரெண்டு பக்கமும் கம்பி இழுத்துட்டே இருக்கும், ரெண்டு இழுப்பும் சமமா இருக்கிற வரைக்கும் அது நேரா நிக்கும். ஒண்ணு போனா அடுத்ததை ஒரு பக்கம் மட்டும் இழுக்கும். அது போனா அதுக்கடுத்தது. கோயில் திருவிழா கூட்டத்துல கயிறு பிடிச்சு நிக்கிற வரிசையில முதல் ஆள் விழுந்த மாதிரி. 1998 ஜனவரியில கனடாவோட கியூபெக்ல பனிமழை பெய்ஞ்சு, கம்பியில ஐஸ் கட்டி, சுமார் 1,000 டவர் இப்படி விழுந்தது. அதுக்கப்புறம் அவங்க லைன்ல நடுநடுவே கனமான டவர்களை நிறுத்தினாங்க. அந்த டவர் பின்னாடி எத்தனை விழுந்தாலும் சரிவு அதைத் தாண்டிப் போகாது. செலவு பிடிக்கிற, போட்டோவுல அழகா தெரியாத, ரிப்பன் வெட்ட முடியாத வேலை. அதனாலேயே பல ஊர்ல தள்ளிப்போடுற வேலையும் அதுதான்.

இப்போ என் துறைக்கு வர்றேன். கேஷுவாலிட்டில முதல்ல கத்துக்கிற பாடங்கள்ல ஒண்ணு, சத்தமா கத்துறவரை விட்டுட்டு அமைதியா இருக்கிறவரை முதல்ல பாருங்கறது. அதுக்குப் பக்கத்துலயே இன்னொண்ணு இருக்கணும்: சிரிக்கிறவரையும் பாரு. ஐம்பது வயசு ஆட்டோ டிரைவர் ஒருத்தர், நைட் ஷிஃப்ட்ல தானே ஆட்டோ ஓட்டிட்டு வந்து இறங்கினார். "ஒண்ணுமில்ல சார், புரோட்டா பழி வாங்குது, ஒரு கேஸ் மாத்திரை குடுங்க"ன்னு சிஸ்டரையும் சிரிக்க வச்சிட்டார். ஈசிஜி எடுத்தா பெரிய ஹார்ட் அட்டாக். ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஓடிட்டு இருக்கும்போதும் ஜோக் சொல்லிட்டேதான் இருந்தார். பிழைச்சிட்டார். அந்தச் சிரிப்பு பொய் இல்ல. பயத்துக்கு அவர் கட்டின கட்டு அது. கட்டு போட்டிருக்காங்கறதுக்காக உள்ள புண்ணே இல்லன்னு நான் எழுதிட முடியாதில்ல?

விழுந்த டவருக்கு வர்ற சிரிப்பையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். அது ஒரு அறிகுறி. நாடித்துடிப்பு நார்மல்னு அதுக்கு அர்த்தம் கிடையாது.

டவர் விழுந்தா ஆஸ்பத்திரியில என்ன நடக்கும்னு வெளியில இருக்கிறவங்களுக்கு ஒரு சினிமா பிம்பம்தான் இருக்கு. ஆபரேஷன் நடுவுல லைட் அணையும், டாக்டர் டார்ச் கேட்பார். அது நடக்காதுன்னு இல்ல. ஆனா பெரும்பாலும் ஜெனரேட்டர் எடுத்துக்கும். அதுக்கு நடுவுல இருக்கிற நொடிகள்தான் எங்களுக்கு ரொம்ப நீளம். வென்டிலேட்டருக்கு பேட்டரி உண்டு, அது போன வருஷம் மாத்தினதா, மாத்தவே இல்லையாங்கிறது அந்த நிமிஷம்தான் தெரியும். இல்லைன்னா ஆம்பு பேக்தான், கையால அமுக்கணும். நிமிஷத்துக்குப் பன்னிரண்டு தடவைன்னு எண்ணிட்டே நர்ஸ் ஒருத்தர், அவர் கை வலிச்சா அட்டெண்டர், அப்புறம் நோயாளியோட மச்சான். டயாலிசிஸ் மெஷின்ல ஓடிட்டு இருக்கிற ரத்தத்தை, பம்பைக் கையால சுத்தித் திருப்பி உடம்புக்குள்ள அனுப்பணும். பச்சைக் குழந்தைகளோட வார்மர் ஆறிடும், உடனே அம்மா மார்போட சேர்த்துக் கட்டுவோம்.

இதெல்லாம் முதல் மணி நேரம். ரெண்டாவது நாள் வேற மாதிரி. மொட்டை மாடி டேங்க்ல தண்ணி தீரும், ஏன்னா மோட்டார் ஓடாது. ஆஸ்பத்திரிக்கு கரன்ட்டை விடப் பெரிய பிரச்சனை தண்ணிதான்னு அன்னிக்குத்தான் புரியும். லிஃப்ட் நிக்கும், ஸ்ட்ரெச்சரை நாலு பேர் படியில தூக்கணும். டீசல் எவ்வளவு இருக்குன்னு சூப்பரின்டென்டென்ட் பத்து தடவை கேட்பார். அதே நேரம் ஊருக்குள்ள, கான்சென்ட்ரேட்டர் வச்சு வீட்ல ஆக்சிஜன் எடுத்துட்டு இருந்த தாத்தா ஆட்டோல வந்து இறங்குவார். இன்சுலின் வச்சிருந்த ஃபிரிட்ஜ் ஆஃப் ஆனவர் வருவார். மாடியில இருந்து இறங்க முடியாதவர் வரவே மாட்டார்.

அந்த வராதவரைப் பத்திச் சொல்லணும். 2003 ஆகஸ்ட் 14 அன்னிக்கு அமெரிக்காவோட வடகிழக்குலயும் கனடாவுலயும் சேர்த்து சுமார் 5 கோடி பேருக்கு கரன்ட் போச்சு. நியூயார்க்ல இருந்து வந்த படங்கள் எல்லாம் திருவிழா மாதிரி இருக்கும். உருகுதேன்னு கடைக்காரங்க ஐஸ்கிரீமை சும்மா குடுத்தாங்க, தெருவுல பாட்டு, ஆபீஸ் விட்டவங்க கூட்டம் கூட்டமா பாலத்து மேல நடந்து வீட்டுக்குப் போறாங்க. ரொம்ப ஜாலி. 2012-ல வந்த ஒரு ஆய்வு அந்த நாட்களோட மரணக் கணக்கை எடுத்துப் பார்த்துச்சு. நியூயார்க்ல மட்டும் வழக்கத்தைவிட இறப்பு 28 சதவீதம் கூடியிருந்தது, சுமார் 90 உயிர். அதுல பெரும்பங்கு விபத்து இல்ல, நோய். ஐஸ்கிரீம் போட்டோவுல அவங்க யாரும் இல்ல. செய்தியிலயும் அவங்க "மின்வெட்டால் பலி"ன்னு வரல, ஹார்ட் அட்டாக்னு போயிருப்பாங்க, மூச்சுத் திணறல்னு போயிருப்பாங்க.

தென்னாப்பிரிக்காவுல இதுக்குத்தான் கோர்ட்டுக்குப் போனாங்க. டவர் விழுந்து ஒரு மாசம் ஆகல, 2023 மே 5, அதே பிரிட்டோரியாவுல இருக்கிற உயர் நீதிமன்றம், அரசு ஆஸ்பத்திரி, அரசுப் பள்ளி, போலீஸ் ஸ்டேஷன் எல்லாத்துக்கும் தடையில்லாம கரன்ட் கிடைக்க 60 நாளுக்குள்ள நடவடிக்கை எடுன்னு அமைச்சருக்கு உத்தரவு போட்டுச்சு. அந்த ஆப் பேரைச் சொல்லிச் சிரிச்ச அதே சனங்கதான் இந்த கேஸையும் நடத்தினாங்க. சிரிச்சாங்க, அதோட நிறுத்திக்கல. "சகிப்புத்தன்மை உள்ள மக்கள்"னு யாராவது பாராட்டினா அவங்களுக்குக் கோபம் வரும்னுதான் நினைக்கிறேன். சகிச்சுக்கிட்டா கோர்ட்டுக்கு எதுக்குப் போகணும்?

நம்ம ஊருக்கு வருவோம். 2012-ல நான் ஹாஸ்டல்ல இருந்து எம்பிபிஎஸ் படிச்சிட்டு இருந்தேன். சென்னைக்கு ரெண்டு மணி நேர மின்வெட்டு, மத்த மாவட்டங்கள்ல 10 மணி நேரத்துக்கு மேல. நாங்க மத்த மாவட்டம். "கரன்ட் எப்போ போகும்னு கேக்காதே, எப்போ வரும்னு கேளு"ங்கறதெல்லாம் எங்க மெஸ்ல புளிச்சுப்போன ஜோக். மெழுகுவர்த்தி வெளிச்சத்துல பார்மகாலஜி படிச்சவன் அடிக்கிற ஜோக்குக்கு ஒரு உரிமை இருந்துச்சு. அதே ஜோக்கை சென்னையில ஏசி ரூம்ல இருந்து கசின் ஃபார்வர்ட் பண்ணினா பத்திக்கிட்டு வரும். வார்த்தை அதே வார்த்தைதான். எந்தப் பக்கத்துல இருந்து வருதுங்கறதுலதான் வித்தியாசம்.

அதைவிட மோசமா இந்த வித்தியாசம் தெரிஞ்சது 2018 நவம்பர்ல. கஜா புயல் கடல்ல மெதுவா நகர்ந்துட்டு இருந்தப்போ, "வருவியா மாட்டியா"ன்னு அதைக் கிண்டல் பண்ணி மீம் வந்துட்டே இருந்துச்சு, நினைவிருக்கா? பேருக்கு அர்த்தமே யானைங்கறதால அதுவேற. நவம்பர் 16 விடியறதுக்கு முன்னாடி அது நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரையைக் கடந்துச்சு. லட்சத்துக்கும் மேல மின்கம்பங்கள் சாய்ஞ்சது. நாகை, திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை கிராமங்கள்ல வாரக்கணக்குல இருட்டு. மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணி ஏத்த ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்தாங்க. செல்போனுக்கு சார்ஜ் போட காசு குடுத்தாங்க.

இதுல ஒண்ணைக் கவனிங்க. மீம் போட போன்ல சார்ஜ் வேணும், சிக்னல் வேணும். டவர் விழுந்தா "மக்களின் கலகல ரியாக்‌ஷன்கள்"னு தொகுத்துப் போடுறாங்களே, அதுல இருக்கிறது எல்லாம் போன் இன்னும் உயிரோட இருக்கிறவங்களோட ரியாக்‌ஷன். விழுந்த கம்பத்துக்குக் கீழ வீடு இருக்கிறவரோட ரியாக்‌ஷன் நாலு நாள் கழிச்சு வரும். வந்தா, சிரிப்பா இருக்காது.

ஜோக் ஒரு விஷயத்தைக் காப்பாத்தவும் செய்யும், முழுங்கவும் செய்யும். 2021 ஜூன்ல மின்துறை அமைச்சர் செந்தில் பாலாஜி, கம்பி மேல அணில் ஓடுறதாலயும் மின்தடை வருதுன்னு சொன்னார். அன்னிக்கு அணிலுக்குக் கிடைச்ச விளம்பரம் ராமாயணத்துக்கு அப்புறம் இப்பத்தான். அதே பேச்சுல அவர் சொன்ன இன்னொரு விஷயம், பல மாசமா பராமரிப்புப் பணியே நடக்கல, செடிகொடி வளர்ந்து கம்பியைத் தொடுதுங்கறது. அது சரியா, தப்பா, யார் பொறுப்பு, கிளை வெட்ட ஆள் எத்தனை பேர் இருக்காங்கன்னு சண்டை போட வேண்டிய இடம் அது. கட்சி பேதமில்லாம எல்லாரும் அணிலைப் பிடிச்சுக்கிட்டோம். அணில் உண்மையிலேயே கரன்ட்டை நிறுத்தும்ங்க. அமெரிக்காவுல நாஸ்டாக் பங்குச்சந்தையையே 1987-லயும் 1994-லயும் அணில் நிறுத்தியிருக்கு. 2025 பிப்ரவரியில இலங்கை முழுக்க இருட்டானதுக்கு பாணந்துறை துணை மின்நிலையத்துல குரங்குன்னு அமைச்சரே சொன்னார். குரங்கு குரங்கு வேலையைத்தான் பார்க்கும். ஒரு குரங்கு தொட்டா ஒரு நாடே அணையற மாதிரி கிரிட் ஏன் இருந்துச்சுங்கறதுதான் மனுஷன் கேட்க வேண்டிய கேள்வி. அதை மீம் பண்றது கஷ்டம், ஒத்துக்கிறேன்.

இதுல முகமே தெரியாத ஆள் லைன்மேன். கஜா சமயத்துல வயல் சேத்துல இறங்கி, கம்பத்தைத் தோள்ல தூக்கிட்டுப் போன படங்களைப் பார்த்திருப்பீங்க. அந்த வாரம் மட்டும் அவங்க ஹீரோ. மத்த நாள்ல அவங்க எங்ககிட்ட வர்ற கோலம் வேற. கையில சின்னதா கருகின ஒரு ஓட்டை, காலுல இன்னொண்ணு. வெளிய அவ்வளவுதான் தெரியும். உள்ள அந்த வழி நெடுக தசை வெந்திருக்கும். மூத்திரம் கோலா கலர்ல போகும், வெந்த தசையில இருந்து வர்ற சரக்கு கிட்னியை அடைக்கும், இதயத் துடிப்பு எப்போ தடுமாறும்னு மானிட்டர் பக்கத்துலயே உட்காரணும். வர்றவர்ல பலர் ஒப்பந்தத் தொழிலாளர். "கையுறை இருந்துச்சா?"ன்னு கேட்டா சிரிப்பார். அந்தச் சிரிப்பையும் நான் கணக்குல எடுத்துக்கிட்டதில்ல.

அவங்களைக் கொல்றதுல நம்ம பங்கும் ஒண்ணு இருக்கு. லைன் ஆஃப்ல இருக்குன்னு நம்பி அவர் கம்பம் ஏறியிருப்பார். கீழ ஒரு வீட்ல ஜெனரேட்டரை, சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் இல்லாம நேரா வீட்டு வயரிங்ல சொருகியிருப்போம். அந்த கரன்ட் பின்பக்கமா போய், டிரான்ஸ்ஃபார்மர்ல ஏறி, மேல கம்பியில ஹை வோல்டேஜா நிக்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த ஸ்விட்ச்சைப் போட்டுக்கோங்க. ஜெனரேட்டரை வீட்டுக்குள்ள, மூடின ஷெட்டுக்குள்ள ஓட்டாதீங்க. அதுல வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தலைவலின்னு படுத்த குடும்பம் காலையில எழுந்திருக்காது.

அப்புறம் செல்ஃபி. விழுந்த டவர் பக்கத்துல நின்னு போஸ் குடுக்கிற கூட்டம் எல்லா ஊர்லயும் இருக்கு. டவர் செத்திருக்கும், கம்பி செத்திருக்குன்னு யார் சொன்னா? விழுந்த கம்பியைச் சுத்தித் தரையிலயே கரன்ட் பரவியிருக்கும், ரெண்டு கால் அகட்டி வச்சா போதும். ஏற்கனவே பக்கத்துல நிக்கிறீங்கன்னா ஓடாதீங்க, ரெண்டு பாதத்தையும் ஒட்டி வச்சு, தரையில இருந்து தூக்காம தேய்ச்சுத் தேய்ச்சு விலகுங்க. நாங்க மீமுக்குச் சிரிக்கிறதுக்கும் நீங்க உயிரோட இருக்கணும்.

டவர்லயோ கம்பத்துலயோ குறுக்குச் சட்டம் காணோம், ஸ்டே கம்பி தொங்குது, அடியில சிமென்ட் பெயர்ந்திருக்குன்னு கண்ணுல பட்டா, அது நிக்கும்போதே போட்டோ எடுங்க. மின்னகம் நம்பர் 94987 94987. புகார் எண் வாங்கி வைங்க, அதையும் போட்டோவோட இங்க போஸ்ட் பண்ணுங்க, நான் ரீபோஸ்ட் பண்றேன். நிக்கிற டவருக்கு லைக் வராதுன்னு தெரியும்.

வீட்ல ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் வச்சிருக்கிறவங்க, ஒரு சின்ன சிலிண்டரும் அதுக்கான ரெகுலேட்டரும் வச்சுக்கோங்க, அதைத் திறக்க வீட்ல ரெண்டு பேருக்காவது தெரியணும். இன்சுலினுக்கு மண்பானையில ஈர மணல் போட்டு, நடுவுல ஒரு டப்பா வச்சு அதுக்குள்ள வச்சா சில நாள் தாங்கும். டயாலிசிஸ் நோயாளிங்க, புயல் எச்சரிக்கை வந்தா உங்க முறைக்குக் காத்திருக்காம யூனிட்டுக்குப் போன் பண்ணி, முன்கூட்டியே பண்ண முடியுமான்னு கேளுங்க. மத்த சந்தேகம் இருந்தா கீழ கேளுங்க, டூட்டி முடிச்சு வந்து பதில் போடுறேன்.